கணக்கு சரியாக இருக்கிறது, நோயாளி எங்கே?



அழைப்பிதழில் என் தலைப்பு இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: 'ஒப்பந்த முறையில் சேவை வழங்கும் தொழில் வல்லுநர்களின் பொய்க் கோரிக்கைகளைத் தடுத்தலும் கண்டறிதலும்.' அதைப் படித்துவிட்டும் வந்திருக்கிறீர்கள் என்றால் உங்கள் பொறுமைக்கு முதலில் நன்றி. விஷயம் அவ்வளவு சிக்கலானது இல்லை. அரசாங்கம் ஒரு வேலையைத் தானே செய்யாமல் வெளியில் இருக்கும் ஒரு டாக்டரிடம், பல் மருத்துவரிடம், வக்கீலிடம், ஆடிட்டரிடம் ஒப்படைக்கிறது. வேலை முடிந்தது என்று அவர் பில் அனுப்புகிறார். பணம் போகிறது. அந்த வேலை நடந்ததா? நடந்திருந்தால், பில்லில் போட்ட அளவுக்கு நடந்ததா? அதற்குத் தேவைதான் இருந்ததா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லக்கூடியவர் யார் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

எல்லாத் தொழிலையும் தொட்டுக்கொண்டு போனால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. மருத்துவக் காப்பீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அந்த இடத்துக்கு வந்தது. 2018 செப்டம்பரில் ராஞ்சியில் பிரதமர் தொடங்கிவைத்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு அது இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அந்தக் காப்பீட்டு அட்டை இல்லாதிருந்தால் நகையையோ நிலத்தையோ விற்றிருக்க வேண்டிய குடும்பங்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கும். ஆகவே திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தப் பணம் யாருக்கென்று ஒதுக்கப்பட்டதோ அவர் பக்கத்திலேயே போகாமல் எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்க வந்திருக்கிறேன்.

தணிக்கைக்காரனுக்குச் சாலை ஒப்பந்தக்காரர் எளிது. பொதுப்பணித் துறையில் அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. அலுவலகத்தில் 'எம்-புக்' என்பார்கள். களத்தில் இருக்கும் பொறியாளர் வேலையை அளந்து அதில் எழுதுவார். மேலதிகாரி அதில் ஒரு பகுதியைத் தானே நேரில் போய் மறுபடி அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஜீப்பை விட்டு இறங்காமலேயே கையெழுத்துப் போட்டவர்களின் கதை எல்லாக் கோட்டத்திலும் உண்டு, அது வேறு. விதி நல்ல விதி. சந்தேகம் என்றால் சாலையில் துளை போட்டுப் பார்க்கலாம். ஜல்லி எத்தனை அங்குலம் என்று துளை சொல்லிவிடும். மனித உடம்பில் துளை போட முடியாது. ஸ்கேன் எடுத்தாலும் அதைப் படித்துச் சொல்ல இன்னொரு டாக்டர் வேண்டும். பில் போட்டவரைச் சோதிக்கிற திறமை, அதே பில் போடும் கூட்டத்திடம்தான் இருக்கிறது. சிமென்ட் வியாபாரிக்கும் தொழில் வல்லுநருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது.

பொய்யில் எளிய பொய்யிலிருந்து தொடங்குவோம். ஆளே இல்லாத பில். 2023 ஆகஸ்டில் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை ஒன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆயுஷ்மான் பாரத் பற்றியது. அதில் பத்திரிகைகளில் அதிகம் அடிபட்ட செய்தி, கிட்டத்தட்ட ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணோடு பதிவாகியிருந்தது. அந்த எண்: பத்து இலக்கமும் ஒன்பது. தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களின் மேல் 4,761 பதிவுகள் இருந்தன. முந்தைய சிகிச்சையிலேயே இறந்துபோனதாகக் கணினியில் குறிக்கப்பட்ட 3,446 பேருக்கு மறுபடியும் சிகிச்சை அளித்ததாகப் பணம் போயிருந்தது, தொகை 6.97 கோடி ரூபாய். ஒரே நோயாளி ஒரே நேரத்தில் இரண்டு மருத்துவமனைகளில் படுத்திருந்ததாகவும் ஆயிரக்கணக்கான பில்கள்.

இதைப் படித்து எல்லோரும் சிரித்தோம். ஆனால் எதிர்த்தரப்பு சொன்னதையும் சொல்வதுதான் நியாயம். கைபேசி எண்ணுக்கும் தகுதிச் சரிபார்ப்புக்கும் சம்பந்தம் இல்லை, எண் இல்லாத ஏழைகளுக்காக ஊழியர் ஏதோ ஒன்றைத் தட்டியிருக்கிறார் என்று அரசு விளக்கம் கொடுத்தது. பிறந்த குழந்தைக்குத் தாயின் அட்டையிலேயே சிகிச்சை கொடுப்பதால் ஒருவரே இரண்டு இடத்தில் இருப்பதுபோலத் தெரியலாம் என்றும் சொன்னது. இரண்டுமே நடக்கக்கூடியவைதான். கணினியில் கோணலாகத் தெரிவதெல்லாம் திருட்டு இல்லை. யாராவது போய்ப் பார்த்தால்தான் எது திருட்டு, எது தாயும் பிள்ளையும் என்று தெரியும். இந்தச் செய்தியில் எனக்குக் கவலை தந்தது வேறு. செத்தவர் பெயரில் பில் போடுகிறவர் சோம்பேறி. அவரைப் பிடிப்பது சுலபம். சுறுசுறுப்பானவர் உயிரோடு இருப்பவரின் பெயரில், சரியான ஆதாரோடு, சரியான புகைப்படத்தோடு, பேக்கேஜுக்குள், அதாவது அந்தச் சிகிச்சைக்கென்று நிர்ணயித்த தொகைக்குள், அடங்கும்படி பில் போடுவார். அவர் அந்த அறிக்கையில் வரவே மாட்டார்.

மால்கம் ஸ்பாரோ என்று ஒருவர். இங்கிலாந்துப் போலீசில் துப்பறியும் அதிகாரியாக இருந்தவர், கணிதம் படித்தவர், பிறகு ஹார்வர்டில் பேராசிரியர். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு மோசடியைப் பற்றி 1996இல் 'லைசென்ஸ் டு ஸ்டீல்' என்று ஒரு புத்தகம் எழுதினார். நாம் கட்டி வைத்திருக்கும் பில் சரிபார்ப்பு முறைகள் எல்லாம் நேர்மையானவரின் தவறைத் திருத்துவதற்காக உருவானவை என்பது அவர் வாதம். சிகிச்சைக் குறியீடு தவறா, தேதி தவறா, கையெழுத்து விட்டுப்போனதா என்று கணினி பார்க்கும். தவறு இருந்தால் இன்ன காரணம் என்று எழுதித் திருப்பி அனுப்பும். மோசடிக்காரருக்கு இதைவிட நல்ல பயிற்சி வகுப்பு கிடையாது, கட்டணமும் இல்லை. நான்கு பில் திரும்பி வந்தால் ஐந்தாவதைப் பிழையில்லாமல் போடக் கற்றுக்கொள்வார். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் பில் போட்டாலும் மனிதக் கண்ணில் படாமல் பணம் வந்துகொண்டே இருக்கும்.

இதை நான் எங்கள் தணிக்கைத் துறையின் மேல் வைக்கும் குற்றச்சாட்டாகவே சொல்கிறேன். தணிக்கை என்றால் கோப்பு. கோப்பில் எல்லாத் தாளும் இருந்தால் நிம்மதி. டிஸ்சார்ஜ் சுருக்கம் இருக்கிறதா? இருக்கிறது. நோயாளி கையெழுத்து? இருக்கிறது. எக்ஸ்ரே? இருக்கிறது. அது யாருடைய எக்ஸ்ரே என்று கேட்டால் மட்டும் அறையில் அமைதி. ஒரே படத்தைப் பல நோயாளிகளுக்குப் போடுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. இப்போது படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வந்துவிட்டது, செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. வரட்டும், உதவும். ஆனால் மென்பொருள் பார்ப்பதும் மருத்துவமனை அனுப்பியதைத்தான். கோப்புக்கு வெளியே அது எட்டிப் பார்ப்பதில்லை.

கோப்புக்கு வெளியே எட்டிப் பார்த்த ஒரு பழைய ஏற்பாட்டைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பல் மருத்துவர்கள் அரசு ஊழியர்களாகச் சேரவில்லை, ஒப்பந்தக்காரர்களாகச் சேர்ந்தார்கள். இத்தனை பல் அடைத்தேன், இத்தனை பிடுங்கினேன் என்று பில் போடுவார்கள். அந்த பில்கள் ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊரில் இருந்த ஒரு வாரியத்துக்குப் போகும். பில்களை மட்டும் பார்த்து அந்த அமைப்பு திருப்தி அடையவில்லை. மாதிரிக்குச் சில நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, சிகிச்சை செய்யாத வேறொரு பல் மருத்துவ அதிகாரியிடம் வரச் சொல்லும். அவர் செய்வது ஒரே காரியம்: வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். கீழ்த்தாடை இடது பக்கம் ஆறாவது பல்லில் அடைப்பு என்று பில்லில் இருந்தால், அங்கே அடைப்பு இருக்க வேண்டும். நம் எம்-புக் மறு அளவீடு இதுதான், பல்லுக்கு வந்திருக்கிறது. பல் மருத்துவர்களுக்கு அது பிடித்திருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு எல்லை இருந்தது. அடைப்பு இருக்கிறது, ஆனால் அந்தப் பல்லில் சொத்தை இருந்ததா? அடைத்த பிறகு யார் சொல்ல முடியும்? தேவையில்லாத பல் சிகிச்சை நடக்கிறது என்ற புகார் பெரிதாகி, அரசு ஒரு குழுவை அமைத்தது. ஆம், நடக்கிறது, ஆனால் மொத்தத்தில் சிறு பங்குதான் என்று அந்தக் குழு 1986இல் அறிக்கை தந்தது. 2006இல் பில் முறையையே மாற்றி, சிகிச்சைகளை மூன்று அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்கு இத்தனை அலகு என்று கொடுத்தார்கள். உடனே பொய்யும் உடை மாற்றிக்கொண்டது. ஒரே தடவையில் முடிக்கவேண்டிய வேலையை இரண்டாகப் பிரித்து இரண்டு தடவை அலகு கேட்கும் பழக்கம் வந்தது. எந்த முறையில் பணம் கொடுக்கிறோமோ அந்த முறைக்கு ஏற்ற பொய் வரும். பழைய பொய்க்குப் போட்ட பூட்டு புதிய பொய்க்குப் பொருந்தாது.

தேவையில்லாத சிகிச்சைக்கு வந்துவிட்டோம். கனமான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். இங்கே நோயாளி உண்மை, அறுவை சிகிச்சை உண்மை, தழும்பு உண்மை, பில் உண்மை. பொய்யாக இருப்பது காரணம் மட்டும்.

2024 நவம்பர் 10ஆம் தேதி. குஜராத்தில் மேசானா மாவட்டத்தில் போரிசானா என்று ஒரு கிராமம். அங்கே இலவச மருத்துவ முகாம் நடக்கிறது. அதற்கு வந்தவர்களில் 19 பேரைப் பேருந்தில் ஏற்றி அகமதாபாத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். 19 பேருக்கும் ஆஞ்சியோகிராம். ஏழு பேருக்கு ஸ்டென்ட். இருவர் இறந்துபோனார்கள். பில் ஆயுஷ்மான் அட்டையில். அவசர சிகிச்சை என்று காட்டி விரைவாக முன் அனுமதி வாங்கினார்கள், ஸ்டென்ட் தேவையே இல்லாதவர்களுக்கு வைத்தார்கள் என்பது போலீசின் குற்றச்சாட்டு. பலர் கைதானார்கள். தீர்ப்பு சொல்வது நீதிமன்றத்தின் வேலை, என் வேலை இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த இருவர் இறக்காமல் இருந்திருந்தால்? அத்தனை பேரும் மாத்திரை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள். முன் அனுமதி இருக்கிறது, டிஸ்சார்ஜ் சுருக்கம் இருக்கிறது. கணக்கு சுத்தம். இன்றைக்கும் அந்தக் கோப்பில் எங்களுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு குஜராத் அரசு விதிகளை இறுக்கியது. ஆஞ்சியோகிராமின் ஒளிப்பதிவையும் அனுப்ப வேண்டும் என்றது. நல்லது. ஒரு கிராமத்திலிருந்து ஒரே நாளில் 19 பேருக்கு இதய அவசரம் வருகிறதே என்று அனுமதி கொடுத்த மேசையில் யாருக்கும் தோன்றவில்லையா என்பதற்கு அந்த விதியில் பதில் இல்லை.

கர்ப்பப்பைக் கதை இதைவிடப் பழையது. 2008இல் மத்திய அரசு கொண்டுவந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய். சில ஆண்டுகளிலேயே பீகாரிலும் சத்தீஸ்கரிலும் ஏழைப் பெண்களின் கர்ப்பப்பை வரிசையாக எடுக்கப்படுவதாகப் புகார் வந்தது. அந்த வயதிலும் அந்த நிலையிலும் எடுக்கவே கூடாத பெண்கள் அதில் இருந்தார்கள். அட்டையில் இருந்த பணத்தைத் தீர்க்க அது வசதியான சிகிச்சை. 2012இல் பீகாரின் சமஸ்திபூர் மாவட்ட நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. பில்லில் பெயர் இருந்த பெண்களை முகாமுக்கு வரவழைத்து மறுபடி பரிசோதித்தது. தேவையில்லாமல் எடுக்கப்பட்டவர்களும் தெரிந்தார்கள், எடுக்காமலே எடுத்ததாகப் பணம் வாங்கப்பட்டதும் தெரிந்தது. ஈஸ்ட்போர்ன் வாரியம் செய்ததைத்தான் சமஸ்திபூரும் செய்திருக்கிறது. பில்லை மூடி வைத்துவிட்டு ஆளைப் பார்த்தது. இந்தப் பெண்களுக்காகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முகாமுக்கும் உத்தரவுக்கும் நடுவே பதினோரு வருடம்.

பணக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவின் வடக்கே ரெடிங் என்று ஒரு சிறு நகரம். அங்கே இருந்த மருத்துவமனை இதய சிகிச்சைக்குப் பேர்போனது. 2002இல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் அங்கே பரிசோதனைக்குப் போனார். உடனே பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். அவர் அங்கே செய்துகொள்ளாமல் லாஸ் வேகாஸ் போய் வேறு மருத்துவர்களிடம் காட்டினார். உங்கள் இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அவர் எப்.பி.ஐ.யிடம் போனார். அந்த அக்டோபரில் அதிகாரிகள் மருத்துவமனைக்குள் நுழைந்து கோப்புகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மருத்துவமனையின் உரிமையாளரான நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே அரசுக்கு 5.4 கோடி டாலரும், பிறகு 700க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்காக 39.5 கோடி டாலரும் கொடுத்து வழக்கை முடித்தது. மருத்துவமனையையும் விற்க வேண்டியதாயிற்று. அதுவரை காப்பீட்டுக் கணினிக்கு அந்த மருத்துவமனை மேல் சந்தேகம் வந்து நின்றதில்லை. அதைக் கண்டுபிடித்தது இரண்டாவது கருத்து கேட்கப் பயணச் செலவுக்குக் காசு வைத்திருந்த ஒரு நோயாளி. போரிசானாவிலிருந்து யார் எங்கே போய்க் கேட்பது?

இந்த வகைப் பொய்யைப் பணம் போன பிறகு பிடிப்பது மிகக் கடினம். வெட்டி எடுத்த உறுப்பும் வைத்த ஸ்டென்ட்டும் திரும்பி வராது. வெட்டுவதற்கு முன்னால்தான் தடுக்க வேண்டும். அவசரம் இல்லாத, திரும்பப்பெற முடியாத சில சிகிச்சைகளுக்காவது, செய்யப்போகும் மருத்துவமனையோடு பணத் தொடர்பு இல்லாத இன்னொரு மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் தமிழ்நாட்டில் இது செய்ய முடியாத காரியம் இல்லை. கூட்டம் அதிகம் என்று சொல்வார்கள். உண்மைதான். அதனால்தான் 'சில சிகிச்சைகள்' என்கிறேன்.

அளவு என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். 2025இல் நாடாளுமன்றத்தில் சுகாதார அமைச்சகம் கொடுத்த பதிலின்படி ஆயுஷ்மான் திட்டத்திலிருந்து 1,114 மருத்துவமனைகள் நீக்கப்பட்டன, 549 இடைநிறுத்தப்பட்டன, 1,504 மருத்துவமனைகள் மேல் 122 கோடி ரூபாய் அபராதம். தனியார் மருத்துவமனைகளின் 2.7 லட்சம் பில்கள், 562 கோடி ரூபாய் மதிப்புள்ளவை, ஏற்கத்தக்கவை அல்ல என்று தள்ளப்பட்டன. தேசிய அளவில் மோசடித் தடுப்புக்கென்றே ஒரு பிரிவு வேலை செய்கிறது என்பதற்கு இது சாட்சி. பாராட்டலாம். ஆனால் இந்த எண்கள் பிடிபட்டதைச் சொல்கின்றன. இருக்கிறதைச் சொல்லவில்லை. நாளைக்கு இந்த எண் கூடினால் மோசடி கூடியிருக்கிறதா, பிடிக்கிற திறமை கூடியிருக்கிறதா? இரண்டில் எதை வேண்டுமானாலும் அமைச்சர் சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது.

இருக்கிறதை அளக்க ஒரே வழி, எந்தச் சந்தேகமும் இல்லாமல் குருட்டாம்போக்கில் சில பில்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அடிவரை போய்ப் பார்ப்பது. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 1996ஆம் நிதியாண்டுக்கு முதல்முறையாக இப்படி எடுத்துப் பார்த்தார்கள். 2,320 கோடி டாலர், மொத்தத்தில் ஏறத்தாழ 14 சதவீதம், போகக்கூடாத பணம் என்று வந்தது. நாடே அதிர்ந்தது. ஆனால் அதிலும் ஓட்டை இருந்தது: பில் போட்டவரிடமே ஆவணங்களைக் கேட்டு வாங்கி அதைத்தான் பார்த்தார்கள். பொய் பில் போட்டவர் பொய் ஆவணமும் அனுப்ப மாட்டாரா? ஸ்பாரோ இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நோயாளியைப் போய்ப் பார்க்காத அளவீடு மோசடியை அளப்பதில்லை, எழுத்துப் பிழையை அளக்கிறது.

தணிக்கைத் துறை இளைஞர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. குருட்டாம்போக்கு என்றால் உண்மையிலேயே குருட்டாம்போக்கு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பில்களை மட்டும் பார்ப்போம் என்று விதி போட்டால் அடுத்த மாதமே பில்கள் 95,000இல் வந்து வரிசையாக நிற்கும். மார்ச் மாதத்தில்தான் ஆய்வுக்கு வருவீர்கள் என்று தெரிந்தால் மார்ச்சில் எல்லாம் சரியாக இருக்கும். எந்த பில்லும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எந்த நாளும் எடுக்கப்படலாம் என்ற நிலை இருக்க வேண்டும்.

நோயாளியிடம் போய்க் கேட்பதில் நமக்கே சொந்தமான ஒரு முன்மாதிரி இருக்கிறது, அதற்கு ஹார்வர்டு தேவையில்லை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் ஒரு மக்கள் விசாரணை நடத்தியது. அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டையும் பில்களையும் ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். அவ்வளவுதான். வேலைக்கே போகாதவர்களின் பெயர் பதிவேட்டில் இருப்பதை ஊரே காதால் கேட்டது. அந்தப் போராட்டங்கள் வளர்ந்து 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் கிராம சபையின் சமூகத் தணிக்கை சட்டபூர்வமான கடமையாகவே எழுதப்பட்டது. படிக்காதவர்களால் தணிக்கை செய்ய முடியுமா என்று கேட்ட பெரிய மனிதர்களுக்குக் கோட் கிரானாவில் பதில் கிடைத்துவிட்டது. குளம் வெட்டினார்களா இல்லையா என்பது குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

மருத்துவத்துக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. யாருக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள், யாருக்கு மனநல சிகிச்சை கொடுத்தார்கள் என்று கிராம சபையில் படிப்பது அநியாயம். ஆகவே ஊருக்குச் சொல்ல வேண்டாம், ஆளுக்குச் சொல்லுங்கள். உங்கள் அட்டையில் இன்ன தேதியில், இன்ன மருத்துவமனையில், இன்ன சிகிச்சைக்காக, இவ்வளவு ரூபாய் எடுக்கப்பட்டது என்று தமிழில், பெரிய எழுத்தில், புரியும்படி ஒரு கடிதம். அமெரிக்காவில் மெடிகேர் பயனாளிகளுக்கு இப்படி ஒரு அறிக்கை சில மாதங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறது. 2023இல் தாங்கள் கண்ணாலும் பார்க்காத சிறுநீர் வடிகுழாய்களுக்குத் தங்கள் பெயரில் பில் போயிருப்பதை வயதானவர்கள் பலர் அந்த அறிக்கையில்தான் பார்த்தார்கள், புகார் கொடுத்தார்கள், நூறு கோடி டாலர் கணக்கில் ஓடிய மோசடி வெளியே வந்தது. நம் ஊரில் குறுஞ்செய்தி அனுப்புகிறோம் என்பார்கள். பத்து ஒன்பதுகளுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி யாருக்குப் போய்ச் சேரும்? கைபேசி எண் தகுதிக்குத் தேவையில்லை என்ற அரசின் விளக்கத்தை நான் ஏற்றுக்கொள்ளாமல் போவதற்குக் காரணம் இதுதான். தகுதி பார்ப்பதற்கு அந்த எண் வேண்டாம். பிறகு பேசுவதற்கு வேண்டும். கடிதத்தோடு வீட்டுக்கே போய்க் கேட்க நம்மிடம் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். அவர் தலையில் ஏற்கனவே எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். மாதிரிக்கு எடுத்த சில வீடுகளுக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

நோயாளிக்கும் தெரியாத பொய் ஒன்று உண்டு. மயக்கத்தில் இருந்தபோது நடந்தது. அது அறுவை அரங்கின் நர்சுக்குத் தெரியும், டெக்னீஷியனுக்குத் தெரியும், பில் போடும் கணக்காளருக்குத் தெரியும். அமெரிக்கர்கள் இதை உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே புரிந்துகொண்டார்கள். ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்த ஒப்பந்தக்காரர்கள் ஏமாற்றுவதைப் பார்த்து 1863 மார்ச்சில், லிங்கன் காலத்தில், பொய்க் கோரிக்கைச் சட்டம் ஒன்று செய்தார்கள். மோசடி தெரிந்த எவரும் அரசின் சார்பில் வழக்குப் போடலாம். மீட்கப்படும் பணத்தில் அவருக்குப் பங்கு. 1986 திருத்தத்துக்குப் பிறகு அரசும் வழக்கில் சேர்ந்தால் 15 முதல் 25 சதவீதம், சேராவிட்டால் 30 சதவீதம் வரை. ஏமாற்றியவர் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டும். 2024ஆம் நிதியாண்டில் இந்தச் சட்டத்தால் 290 கோடி டாலருக்கு மேல் மீட்டார்கள். தனிமனிதர்கள் போட்ட வழக்குகள் மட்டும் 979. பெரும்பகுதி மருத்துவத் துறையில்.

காசுக்காகக் காட்டிக்கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சட்டம் முழுவதும் பிடித்ததில்லை. வெறும் மிரட்டல் வழக்குகளும் அதில் வருகின்றன. ஆனால் நம் நிலையைப் பாருங்கள். தங்க நாற்கரச் சாலைப் பணியில் ஒப்பந்த முறைகேடு நடக்கிறது என்று பொறியாளர் சத்யேந்திர துபே பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு பேசிப் பேசி, முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கைக்கு இன்னும் காத்திருக்கிறோம். வந்தாலும் அது அரசு ஊழியர்களைப் பற்றிய புகாருக்குத்தான். தனியார் மருத்துவமனையின் நர்ஸ் அதில் இல்லை. அவர் வாயைத் திறந்தால் மறுநாள் வேலை போகும். அந்த ஊரில் வேறு மருத்துவமனையிலும் சேர்க்க மாட்டார்கள். பங்கு கொடுப்பது இருக்கட்டும். அரசுப் பணத்தில் சிகிச்சை அளிக்கும் எந்த மருத்துவமனையும், புகார் சொன்ன ஊழியரை நீக்கினால் திட்டத்திலிருந்து தானே நீங்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்க்கலாமே. அதற்குச் சட்டமன்றம்கூடத் தேவையில்லை.

மருத்துவர்கள் பக்கம் கொஞ்சம் பேசாமல் இறங்கினால் அது ஒருதலைப்பட்சம். விதிப்படி ஆயுஷ்மான் பில்லுக்கு மாநிலத்துக்குள் 15 நாளில் பணம் வர வேண்டும். 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் தனியார் மருத்துவமனைகள் பல மாதப் பாக்கி வரவில்லை என்று திட்ட சிகிச்சையையே நிறுத்தின. பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை என்ற முறையீடும் பல மாநிலங்களில் இருக்கிறது. பணம் ஆறு மாதம் கழித்து வரும், அதிலும் வெட்டிக்கொண்டுதான் வரும் என்று தெரிந்தால், நேர்மையாகத் தொடங்கிய சிறு மருத்துவமனையும் அந்த வெட்டை முன்கூட்டியே பில்லில் ஏற்றத் தொடங்கும். இரண்டு நாள் படுக்கை நான்கு நாளாகும். சாதாரண வார்டு தீவிர சிகிச்சையாகும். அல்லது அட்டை இருந்தும் நோயாளியிடம் தனியாகக் காசு கேட்பார்கள், ரசீது கிடையாது. நான் அதை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் தாமதமாகப் பணம் கொடுக்கிற அரசு, தன் செலவிலேயே பொய்யர்களை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. பெரிய மோசடிக்காரருக்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை, அவர் காத்திருப்பார். மூடிவிட்டுப் போகிறவர் சின்ன ஊரில் இருபது படுக்கை வைத்திருக்கும் நல்ல டாக்டர். ஆகவே பில் வந்தால் உடனே பணம் கொடுங்கள், பிறகு குருட்டாம்போக்கில் எடுத்து வீடுவரை போய்ப் பாருங்கள், பொய் என்றால் மூன்று மடங்காக வாங்குங்கள். இப்போது நடப்பது தலைகீழ்: எல்லோரையும் சந்தேகப்பட்டு எல்லோருக்கும் தாமதம், யார் வீட்டுக்கும் யாரும் போவதில்லை.

என் நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அடுத்த அரை மணி நேரம் கேள்விகளுக்கு. முன்வரிசையில் இருக்கும் டாக்டர்கள் முதலில் கேட்கட்டும். இன்று அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள்தான்.